அம்மா வாங்கச் சொல்லுச்சு: இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கு ஒரு தமிழ் வழி

இந்த இதழுக்கு பிளேஸ்மென்ட் அனுபவம் பத்தி எழுதச் சொன்னாங்க. நான் கிராமர் எழுதுறேன்னு சொல்லிட்டேன்.

இப்போ நீங்க படிச்ச ரெண்டு வாக்கியத்துலயும் ரிப்போர்ட்டட் ஸ்பீச் இருக்கு, கவனிச்சீங்களா? முதல் வாக்கியத்துல எடிட்டோரியல் டீம் சொன்ன சொல் "எழுதித் தா". அது என் வாயில "எழுதச் சொன்னாங்க"ன்னு ஆயிடுச்சு. ரெண்டாவதுல நான் சொன்னதை அப்படியே தூக்கி வெச்சு, பின்னாடி ஒரு "ன்னு" ஒட்டிட்டேன். இதுக்கு யாரும் எனக்கு டேபிள் போட்டு ரூல் சொல்லித் தரல. உங்களுக்கும்தான். ஆனா இதே விஷயம் இங்கிலீஷ்ல வந்தா மட்டும் பத்தாம் வகுப்புல இருந்து பைனல் இயர் வரைக்கும் எல்லாருக்கும் உதறுது.

எங்க ஊர் ஜேடர்பாளையம். நாமக்கல் மாவட்டம், காவிரிக் கரை. ஞாயித்துக்கிழமை பூங்காவுக்கும் அணைக்கட்டுக்கும் மீன் வறுவலுக்கும் வர்ற கூட்டத்தால ஊரைத் தெரிஞ்சவங்க நம்ம காலேஜ்லயே நிறைய பேர் உண்டு. லீவுல வீட்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பசங்க நாலஞ்சு பேர் இங்கிலீஷ் நோட்டோட வந்து உக்காருவாங்க. எல்லாரும் தமிழ் மீடியம். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். அவங்களுக்குச் சொல்லித் தர்றதுக்காக யோசிச்சப்போதான் இந்தப் பாடத்துக்குத் தமிழ்லயே ஒரு வாசல் இருக்குன்னு தெரிஞ்சது. அந்த வாசலைத்தான் இங்க காட்டப் போறேன். உங்க தம்பி தங்கச்சிக்குச் சொல்லித் தர உதவும், உங்களுக்கே ஹெச்.ஆர். ரவுண்டுல உதவும்.

ஒரு சின்ன விஷயம்: இது தமிழ் இதழ், அதனால இங்கிலீஷ் வாக்கியத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். கண்ணால படிக்காம வாயால படிங்க, சரியா வரும்.

முதல்ல அந்த டேபிள். எல்லா கைடுலயும் இருக்கும். இஸ் வந்தா வாஸ், வில் வந்தா வுட், கேன் வந்தா குட், திஸ் வந்தா தட், ஹியர் வந்தா தேர், டுடே வந்தா தட் டே, டுமாரோ வந்தா த நெக்ஸ்ட் டே. பசங்க இதை மனப்பாடமா ஒப்பிப்பாங்க. கேள்வித்தாள்ல வாக்கியத்தைக் கொடுத்தா எடிட்டர்ல ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் பண்ற மாதிரி மாத்தி மார்க்கும் வாங்கிடுவாங்க. ஆனா "பக்கத்துல இருக்கிறவன் இப்போ என்ன சொன்னான், இங்கிலீஷ்ல சொல்லு"ன்னா மௌனம். டேபிள் எதை எதுவா மாத்தணும்னு சொல்லுது. ஏன் மாத்தணும்னு சொல்றதில்ல. எனக்கு அந்த "ஏன்"தான் முக்கியம்னு படுது.

அதுக்கு கிராமர் புக்கை மூடிட்டு எங்க ஊர் ஆத்தைப் பாக்கலாம். ஜேடர்பாளையம் மேட்டூர், பவானி, ஈரோடு எல்லாத்துக்கும் கீழே இருக்கு. மேட்டூர்ல 120 அடி நிரம்பிட்டா, மேல இருந்து வர்ற தண்ணியை அப்படியே கீழ விட்டாகணும். 2024 ஜூலை கடைசியில அப்படி நிரம்பி, ஒரு லட்சம் கனஅடிக்கு மேல காவிரியில போச்சு. இந்த மாதிரி நேரத்துல எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் மெசேஜ் சுத்தும். இப்படி ஒரு மெசேஜ் வர்றதா வெச்சுக்கோங்க: "நாளைக்குக் காலையில இங்க தண்ணி இன்னும் கூடும், நாங்க வீட்டைக் காலி பண்ணிட்டோம்." ஃபார்வர்டட் அப்படின்னு மேல ஒரு அம்புக்குறி. வேற ஒண்ணும் இல்ல.

நாளைக்குன்னா எந்த நாளைக்கு? இதை முதல்ல எழுதினது நேத்தா, முந்தாநாளா? இங்கன்னா பவானியா, பள்ளிபாளையமா, நம்ம ஊரா? நாங்கன்னா யாரு? மெசேஜ்ல இருக்கிற ஒவ்வொரு சொல்லும் உண்மையா இருக்கலாம். ஆனா அதைப் படிக்கிறவருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆத்தோரத்துல மாட்டைக் கட்டி வெச்சிருக்கிறவர் அதை இன்னைக்கே அவுத்து ஓட்டணுமா, நேத்தே ஓட்டியிருக்கணுமா?

ஃபார்வர்டு மெசேஜ்ங்கிறது சொன்ன ஆளும், சொன்ன இடமும், சொன்ன நேரமும் கழண்டு போன டைரக்ட் ஸ்பீச். நான், இங்க, இப்போ, நாளைக்கு, இந்த மாதிரி சொல்லுக்கெல்லாம் தனியா அர்த்தம் கிடையாது. சொல்றவர் எங்க நின்னு எப்போ சொல்றாரோ அதுல இருந்துதான் அர்த்தம் வருது. ஆளையும் இடத்தையும் நேரத்தையும் மாத்தினா சொல்லையும் மாத்தியாகணும். இன்டைரக்ட் ஸ்பீச் மொத்தமும் இந்த ஒரு வேலைதான்: இன்னொருத்தர் நின்ன இடத்துல இருந்து சொன்னதை, நான் நிக்கிற இடத்துல இருந்து சொல்றது.

இதைப் புரிஞ்சுக்கிட்டா டேபிள் எங்க சரி, எங்க தப்புன்னு நீங்களே சொல்லிடலாம். உதாரணத்துக்கு நம்ம கிளாஸ் ரெப். (சி.ஆர். வேலைங்கிறதே முழு நேர ரிப்போர்ட்டட் ஸ்பீச்தான், பாவம்.) ஹெச்.ஓ.டி. இன்னைக்குக் காலையில "சப்மிட் த ரெக்கார்ட் டுமாரோ"ன்னு சொல்றார். சி.ஆர். இன்னைக்கே மதியம் குரூப்ல போடுறான். அவன் "த நெக்ஸ்ட் டே"ன்னு மாத்தணுமா? வேண்டாம். ஹெச்.ஓ.டி.யோட நாளைக்கும் நம்ம நாளைக்கும் ஒண்ணுதான். "ஹெச்.ஓ.டி. டோல்ட் அஸ் டு சப்மிட் த ரெக்கார்ட் டுமாரோ." அவ்ளோதான். இதையே அடுத்த வாரம் சொன்னாத்தான் "த நெக்ஸ்ட் டே". ராத்திரி 12 தாண்டிப் போட்டா "டுடே". டுமாரோ டுடே ஆகும்னு டேபிள்ல எங்கயும் இருக்காது. பரிட்சையில மட்டும் எப்பவும் ரொம்ப நாள் கழிச்சு, வேற இடத்துல இருந்து சொல்ற மாதிரி நினைச்சுக்கிட்டு எல்லாத்தையும் மாத்திடுங்க. அங்க அதுதான் மார்க்.

சரி, ஆளும் இடமும் நாளும் புரியுது. டென்ஸ் ஏன் மாறுது? இங்கதான் எல்லாரும் வழுக்குற இடம். "ஐ ஆம் ஃப்ரம் சேலம்"னு ஒருத்தன் சொன்னதை "ஹி செட் தட் ஹி வாஸ் ஃப்ரம் சேலம்"னு மாத்திக் காட்டினதும் ஒரு பையன் கேட்டான்: "ஏங்க்கா, இப்போ அவன் சேலத்துக்காரன் இல்லீங்களா?" நல்ல கேள்வி. வாஸ்னு வந்ததும் அது முடிஞ்சு போன கதைன்னு நினைக்கிறது இயல்பு.

இதுக்குத் தமிழ்ல பதில் இருக்கு. தமிழ்ப் பாடத்துல நேர்க்கூற்று, அயற்கூற்றுன்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? "நான் நாளை வருவேன்" என்று கமலா கூறினாள். இதை அயற்கூற்றா மாத்தினா: தான் மறுநாள் வருவதாகக் கமலா கூறினாள். நான் தான் ஆச்சு, நாளை மறுநாள் ஆச்சு, வருவேன் வருவதாக ஆச்சு. இங்கிலீஷ் டேபிள்ல இருக்கிற ஆள் மாற்றமும் நாள் மாற்றமும் தமிழ்லயும் அப்படியே இருக்கு. இங்கிலீஷ் பீரியடும் தமிழ் பீரியடும் ஒரே பாடத்தைத்தான் நடத்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு யாரும் காட்டல.

இந்த "-தாக"வைப் பிடிச்சுக்கோங்க, பேச்சுல "-தா". வர்றதா சொன்னாங்க, வந்துட்டதா சொன்னாங்க, வீட்டுல இருக்கிறதா சொன்னாங்க. "வருவதாக"ங்கிற சொல்லுக்குள்ள எதிர்காலம் இருக்கு. ஆனா எப்போல இருந்து பாத்தா எதிர்காலம்? கமலா பேசின நேரத்துல இருந்து பாத்தா. அவ போன மாசமே வந்துட்டுப் போயிருந்தாலும் "வருவதாகச் சொன்னாள்"தான். தமிழ் சொன்னவரோட கடிகாரத்தை அப்படியே வெச்சுக்குது.

இங்கிலீஷ் அப்படி இல்ல. சொல்ற என்னோட கடிகாரத்தை வெச்சுத்தான் டென்ஸ் போடுது. கமலா பேசினது எனக்கு இறந்த காலம். அதனால அவ சொன்னது எல்லாத்தையும் ஒரு படி பின்னால தள்ளி வைக்குது. வில் ஒரு படி பின்னால போனா வுட். நம்ம பாஷையில சொன்னா, தமிழ் ரிலேட்டிவ் பாத், இங்கிலீஷ் ஆப்சொல்யூட் பாத். ஃபோல்டர் ஒண்ணுதான், முகவரி எழுதுற முறை வேற. "வாஸ் ஃப்ரம் சேலம்"ல இருக்கிற வாஸ் அவன் ஊரைப் பத்தி எதுவும் சொல்லல. அவன் பேசின நேரம் போயிடுச்சுன்னு மட்டும் சொல்லுது.

அதனால பசங்ககிட்ட முதல்ல இங்கிலீஷ்ல மாத்தச் சொல்றதில்ல. தமிழ்ல "-தாக" போட்டுச் சொல்லச் சொல்வேன், அப்புறம் இங்கிலீஷ். வருவதாகன்னா வுட் கம். வந்ததாக, வந்துவிட்டதாகன்னா ஹேட் கம். வந்துகொண்டிருப்பதாகன்னா வாஸ் கமிங். வீட்டில் இருப்பதாகன்னா வாஸ் அட் ஹோம். முடியும் என்பதாகன்னா குட். இதுல ஒரு இடத்துல மட்டும் கவனம் வேணும்: "படிப்பதாகச் சொன்னாள்"னா தினமும் படிக்கிறான்னும் எடுத்துக்கலாம், இனிமே படிப்பான்னும் எடுத்துக்கலாம். தமிழ்ல ஒரே உருவம் ரெண்டு வேலை பாக்குது. முதல் அர்த்தம்னா ஸ்டடீட், ரெண்டாவதுன்னா வுட் ஸ்டடி. டைரக்ட் வாக்கியம் கையில இருக்கிற வரைக்கும் குழப்பம் வராது.

இன்னொண்ணு. சொன்ன விஷயம் இப்பவும் உண்மையா இருந்தா பின்னால தள்ளணும்னு கட்டாயம் இல்ல. "ஹி செட் ஹி இஸ் ஃப்ரம் சேலம்"னு பேச்சுல தாராளமா சொல்லலாம், இங்கிலீஷ்காரங்களே சொல்றாங்க. பூமி சூரியனைச் சுத்துதுன்னு டீச்சர் சொன்னதை எல்லா கைடும் மாத்தக்கூடாதுன்னு விதிவிலக்கா போடும். அது தனி விதிவிலக்கு இல்ல, இதே காரணம்தான். பூமி யார் கடிகாரத்துலயும் சுத்தும். ஆனா மாத்துறதா விடுறதாங்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. "ஹி செட் ஹி இஸ் சிக்"னா அவனுக்கு இன்னும் உடம்பு சரியில்லன்னு நானும் கொஞ்சம் ஒத்துக்கிற மாதிரி இருக்கும். "ஹி செட் ஹி வாஸ் சிக்"னா அது அவன் பேச்சு, எனக்குப் பொறுப்பு இல்ல. லீவ் லெட்டர் கொண்டு போற ஃப்ரெண்டா இருந்தா இந்த வித்தியாசத்தை யோசிச்சு யூஸ் பண்ணுங்க.

அடுத்து கேள்வி. "வேர் ஆர் யூ கோயிங்?" இதை மாத்தினா "ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்". இந்தியா முழுக்க நம்ம ஆளுங்க சொல்றது "ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்". பைனல் இயர் செமினார்லயும் இதைக் கேக்கலாம். இதுல வேடிக்கை என்னன்னா, தமிழ்ல யோசிச்சா இந்தத் தப்பு வரவே கூடாது. தமிழ்ல கேள்வி கேக்குறதுக்கு சொல்வரிசையை மாத்துறதில்ல. "நீ எங்க போற"ன்னு எந்த வரிசையில கேக்குறோமோ அதே வரிசைதான் "நான் எங்க போறேன்னு கேட்டாங்க"லயும். இங்கிலீஷ்ல கேள்வின்னா ஆர்-ஐ முன்னாடி தூக்கிப் போடணும்னு நாம ரொம்பக் கஷ்டப்பட்டு கத்துக்கிட்டோம். கத்துக்கிட்டதை விட மனசு வர மாட்டேங்குது. பசங்ககிட்ட சொல்றது இவ்ளோதான்: கேள்விக்குறி போயிடுச்சுன்னா தலைகீழா நிக்க வேண்டாம், நேரா நில்லு.

ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்விக்கு இஃப், வெதர். இதுக்கும் தமிழ்ல ஆள் இருக்கு: கடைசியில வர்ற அந்த "ஆ". வருவேனான்னு கேட்டாங்க, சாப்ட்டேனான்னு கேட்டாங்க. அந்த "ஆ"தான் இஃப். "ஆ" இருந்தா இஃப் போடு, எங்க, எப்போ, ஏன் இருந்தா அதையே போடு, ரெண்டுக்கும் தட் கிடையாது. "ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர்"னு எழுதுறவங்க அந்த "ன்னு"வை தட்னு மொழிபெயர்க்கிறாங்க. தமிழ்ல ன்னு எல்லா இடத்துலயும் வரும். இங்கிலீஷ்ல தட்டுக்கு அவ்ளோ செல்வாக்கு இல்ல.

இங்க தமிழ்லயே ஒரு அழகான குழப்பம் ஒளிஞ்சிருக்கு. "எங்க போறேன்னு கேட்டாங்க." இதை உரக்கச் சொல்லிப் பாருங்க. போறே கூட ன்னு சேந்தாலும் போறேன்னு, போறேன் கூட ன்னு சேந்தாலும் போறேன்னு. அப்போ நீங்க சொன்னது டைரக்ட் ஸ்பீச்சா, இன்டைரக்ட் ஸ்பீச்சா? உங்களுக்கே தெரியாது. காதுக்கும் தெரியாது. இத்தனை வருஷமா இந்த வாக்கியத்தை வெச்சு வீட்டுல திட்டு வாங்கியிருக்கோம், ஒரு தடவையும் யாருக்கும் அர்த்தம் மாறல.

கட்டளை வாக்கியம்தான் இருக்கிறதுலயே சுலபம், ஆனா பாடத்துல கடைசியில வரும். அம்மா "அரைக்கிலோ அச்சு வெல்லம் வாங்கிட்டு வா"ன்னு கடைக்கு அனுப்புது. கடையில போய் நாம என்ன சொல்றோம்? "அண்ணா, அம்மா அரைக்கிலோ அச்சு வெல்லம் வாங்கச் சொல்லுச்சு." (எங்க பக்கம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் "சொல்லுச்சு"தான். மரியாதைக் குறைவுன்னு சென்னை ஹாஸ்டல்மேட்ஸ் நினைச்சுக்காதீங்க, பாசம்.) வாங்கச் சொல்லுச்சு, டோல்ட் மீ டு பை. வாங்க, டு பை. ரெண்டு மொழியிலயும் ஒரே உருப்படிதான், இடம் மட்டும் மாறியிருக்கு. போக வேண்டாம்னு சொல்லுச்சு, டோல்ட் மீ நாட் டு கோ. ஆறு வயசுல கடைக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். ஆர்டர்ட், ரிக்வெஸ்டட், அட்வைஸ்ட் எல்லாம் சொன்ன குரலைப் பொறுத்து. அம்மா ஆர்டர்ட், டாக்டர் அட்வைஸ்ட், சி.ஆர். ரிக்வெஸ்டட்.

வியப்பு வாக்கியத்தை வேகமா தாண்டிடலாம். அலாஸ், ஹுர்ரேன்னு இப்போ யாரும் கத்துறதில்ல. ரென் அண்ட் மார்ட்டின் வழியா வந்த வழக்கம், பரிட்சைக்காக "எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்", "எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ" ரெண்டையும் மனப்பாடம் பண்ணிடுங்க.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி. இங்கிலீஷ்ல முதல்ல "ஹி செட் தட்" வந்துடும், அப்புறம்தான் சொன்ன விஷயம். கேக்குறவருக்கு ஆரம்பத்துலயே தெரியும், இது வேற ஒருத்தர் பேச்சுன்னு. ஆனா எங்க முடியுதுன்னு சொல்ல ஒரு சொல்லும் இல்ல. தமிழ்ல தலைகீழ். விஷயம் முதல்ல, "என்று சொன்னார்" கடைசியில. இங்கிலீஷ் அடைப்புக்குறியைத் திறந்துட்டு மூட மறந்துடுது. தமிழ் திறக்காமலே மூடுது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல படிச்ச போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரி, ஆபரேட்டர் கடைசியில. நீளமான வாக்கியமா இருந்தா ஒரு நிமிஷம் முழுக்க இது பேசுறவரோட கருத்துன்னே நினைச்சுக் கேட்டுட்டு இருப்போம், கடைசியில "அப்படின்னு எங்க மாமா சொல்றாரு"ன்னு முடிப்பாங்க.

நம்ம பத்திரிகைக்காரங்க இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. பேட்டிச் செய்தியில ஆரம்பத்துல "அவர் கூறியதாவது:" வரும், பேச்சு முழுக்க நான், நாங்கள்னு டைரக்டாவே ஓடும், கடைசியில "இவ்வாறு அவர் கூறினார்." திறக்கிற அடைப்பும் மூடுற அடைப்பும் ரெண்டும் இருக்கு. கம்பைலர் சந்தோஷப்படும்.

கடைசியில வைக்கிற இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் இல்ல. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் தெலுங்குப் பையன் "அனி"ம்பான், மலையாளத்துல "என்னு", கன்னடத்துல "அந்த", இலங்கையில சிங்களத்துல "கியலா". எல்லாம் நம்ம "என்று" மாதிரி, சொல்லுதல்ங்கிற வேலையைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது. ஜாப்பனீஸ் கிளாஸ் போறவங்களுக்கு "டோ" தெரியும். அதுவும் பேச்சுக்குப் பின்னாடிதான் வரும், டென்ஸும் மாறாது. தமிழ்ல யோசிச்சு எழுதினாலே அந்த வாக்கியம் சரியா வந்துடும். எம்.எஸ். படிக்க ஜெர்மன் படிக்கிறவங்களுக்கு நிலைமை வேற. அங்க அடுத்தவர் பேச்சைச் சொல்றதுக்குன்னே வினைச்சொல்லுக்கு ஒரு தனி உருவம் இருக்கு, கொன்யுங்க்டிவ் ஒன்னுனு பேரு. செய்தித்தாள்ல பத்தி பத்தியா அதுல எழுதுவாங்க. மேற்கோள்குறி இல்லாமலே இது நிருபர் கருத்து இல்ல, அமைச்சர் கருத்துன்னு வினைச்சொல்லே காட்டிக் கொடுத்துடும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் கேப்லன் ஒரு விஷயம் சொன்னார், 1989-ல அச்சுல வந்த அவரோட கட்டுரையில. "நான்"ங்கிற சொல்லோட அர்த்தத்தையே வேற ஆளுக்கு மாத்தி விடுற இலக்கணக் கருவி இங்கிலீஷ்ல இல்லன்னார். அப்படி ஒண்ணு இருந்தா அதுக்கு அவர் வெச்ச பேரு மான்ஸ்டர், பூதம். அப்புறம் வந்த மொழியியல் ஆட்கள் எத்தியோப்பியாவோட அம்ஹாரிக் மொழியில அந்தப் பூதத்தைக் கண்டுபிடிச்சாங்க. தமிழ்லயும் தேடினாங்க. "அண்ணன், தான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லுச்சு"ன்னு பேச்சுல சொல்றோமா? "தான்"னா படர்க்கை, ஆனா வினை "ஜெயிச்சுட்டேன்", தன்மை. பாதி இன்டைரக்ட், பாதி டைரக்ட், ஒரே வாக்கியத்துல. இங்கிலீஷ் டீச்சர் பாத்தா சிவப்பு மையில அடிச்சுடுவாங்க. ஆராய்ச்சியாளர்கள் இதை வெச்சு முனைவர் பட்டமே வாங்கியிருக்காங்க.

இங்கிலீஷ்ல இல்லாத இன்னொரு வசதி நம்மகிட்ட இருக்கு, அந்தக் குட்டி "ஆம்". பிலிக்கல்பாளையம் வெல்ல மார்க்கெட்ல சிப்பம் விலை ஏறிடுச்சாம். மேட்டூர்ல திறந்துட்டாங்களாம். எங்க ஊர் ராஜா வாய்க்காலை அல்லாள இளைய நாயக்கர் வெட்டினாராம். சொன்னது யாருன்னு சொல்லல, ஆனா நான் கண்ணால பாக்கலங்கிறது தெளிவா இருக்கு. ஒரே ஒரு எழுத்துக்கூட்டு. துருக்கி மொழியிலயும் இப்படிக் கேள்விப்பட்டதுக்குன்னு ஒரு விகுதி உண்டு. இங்கிலீஷ்ல அப்பேரன்ட்லி, ஐ ஹியர்ட் தட், இட் இஸ் செட் தட்னு ஒரு முழு சொல்லையோ வாக்கியத்தையோ செலவு பண்ணணும். பண்ணாம விட்டா ஆபத்து. "மேட்டூர்ல திறந்துட்டாங்களாம்"ங்கிறதை இங்கிலீஷ்ல அவசரமா டைப் பண்ணும்போது "தே ஓப்பன்ட் மேட்டூர் டேம்"னு போட்டுடுவோம். "ஆம்" காணாமப் போச்சு, வதந்தி செய்தி ஆயிடுச்சு. டைப் பண்ணினவர் பொய் சொல்லல. ஆனா படிக்கிறவருக்கு அவர் அணைக்கட்டு மேல நின்னு பாத்த மாதிரி இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அப்பேரன்ட்லிங்கிற சொல்லை எங்க பசங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். அது பத்தாம் வகுப்பு சிலபஸ்ல வருதா இல்லையாங்கிறது ரெண்டாவது.

இன்டர்வியூ, மெயில் பக்கம் வரலாம். "ஹி டோல்ட் தட்" தப்பு. டோல்டுக்குப் பின்னாடி யார்கிட்டன்னு ஆள் வந்தாகணும், டோல்ட் மீ, டோல்ட் அஸ். "ஹி செட் மீ"யும் தப்பு. செட் தனியா நிக்கும், ஆள் வேணும்னா செட் டு மீ. காரணம் தமிழ்ல சொன்னார்ங்கிற ஒரே சொல் ரெண்டு வேலையும் பாக்குது: என்கிட்ட சொன்னார், சும்மா சொன்னார். கமிட்டின்னு ஒண்ணு இருந்தா "மை கைட் சஜஸ்டட் மீ டு"ன்னும் எழுதாதீங்க. "சஜஸ்டட் தட் ஐ" போதும். "டிஸ்க்ரைப் எ கான்ஃப்ளிக்ட் இன் யுவர் டீம்"னு ஹெச்.ஆர். கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றது முழுக்க முழுக்க ரிப்போர்ட்டட் ஸ்பீச்தான். அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன், கைட் என்ன பண்ணச் சொன்னார். மாக் இன்டர்வியூல நல்லா பேசிட்டு வர்றவங்க இந்த இடத்துல "ஹி வாஸ் லைக், ஐ வாஸ் லைக்"னு இறங்கிடுறாங்க. அந்த லைக் தப்புன்னு நான் சொல்லல, அமெரிக்காவுல அது நம்ம "அப்படின்னு" மாதிரி சகஜமா ஓடுது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஓகே. பேனல் முன்னாடி ஹி ஃபெல்ட் தட், ஐ சஜஸ்டட் தட், ஷி ஆஸ்க்ட் அஸ் டு, இந்த மூணும் கையில இருக்கட்டும்.

சொல்லித் தர்ற முறை ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், செலவில்லாதது. மூணு பேர் வேணும். ஒருத்தர் திண்ணையில, ஒருத்தர் வாசல்ல, ஒருத்தர் தெருவுல. திண்ணைக்காரர் வாசல்காரர்கிட்ட ஒரு வாக்கியம் சொல்லணும், அதுல நான், இங்க, இப்போ மூணுல ஒண்ணாவது இருக்கணும். வாசல்காரர் தெருவுக்குப் போய் அதைத் தெருக்காரர்கிட்ட தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்லணும். தெருக்காரர் திண்ணைக்கு வந்து தனக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லணும். "ஐ லெஃப்ட் மை சைக்கிள் ஹியர்"னு திண்ணையில சொன்னதை வாசல்காரர் மாத்தாம தெருவுல போய்ச் சொன்னா, தெருக்காரர் தெருவுல சைக்கிளைத் தேடுவார். தேடும்போது வர்ற சிரிப்புல ஹியர் ஏன் தேர் ஆகுதுன்னு பதிஞ்சுடும். நாளை, நேத்துக்கு இதையே ஞாயித்துக்கிழமை சொல்லிட்டு புதன்கிழமை கேக்கணும். மூணு நாள் பொறுமை இருந்தா செம எஃபெக்ட்.

இப்போ உங்களுக்கு. கீழ இருக்கிற வாக்கியங்களை முதல்ல "-தாக" இல்லேன்னா "-ச் சொன்னாங்க" போட்டுத் தமிழ்ல மாத்துங்க, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லுங்க. சொன்னது போன வாரம், சொன்ன இடம் மேட்டூர், நீங்க இருக்கிறது ஜேடர்பாளையம்.

இன்ஜினியர் சொன்னது: "வி வில் ஓப்பன் த ஷட்டர்ஸ் ஹியர் டுமாரோ."
பக்கத்துல நின்னவர் கேட்டது: "ஹேவ் யூ இன்ஃபார்ம்ட் த வில்லேஜஸ்?"
இன்ஜினியர் பதில்: "ஐ கால்ட் தெம் எஸ்டர்டே."
போலீஸ்காரர் உங்ககிட்ட சொன்னது: "டோன்ட் ஸ்டாண்ட் ஆன் திஸ் பிரிட்ஜ்."

முதல் வாக்கியத்துக்கு மட்டும் விடை: மறுநாள் அங்கே ஷட்டர்களைத் திறக்கப் போவதாக இன்ஜினியர் சொன்னார், த இன்ஜினியர் செட் தட் தே வுட் ஓப்பன் த ஷட்டர்ஸ் தேர் த நெக்ஸ்ட் டே. மூணாவதுல எஸ்டர்டே என்ன ஆகும்ங்கிறதுல ரெண்டு சரியான விடை இருக்கு. மத்ததை இதழோட மெயிலுக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறேன்னு எடிட்டர்கிட்ட சொல்லியிருக்கேன்.